கால் எண்ணட்டும், பிறகு கை எழுதட்டும்



இரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் பிள்ளையை அழைத்து, "எட்டும் ஐந்தும் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் உடனே விடை சொல்ல மாட்டார்கள். கை முதுகுக்குப் பின்னால் போகும். அல்லது மேசைக்கு அடியில் விரல்கள் மெல்ல அசையும். விரல் விட்டு எண்ணுவது தெரிந்தால் ஏச்சு விழும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். எண்ணுவதை ஏதோ குற்றம்போல் ஒளித்துச் செய்யும்படி பிள்ளைகளைப் பழக்கியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.

ஆனால் நம்முடைய கணக்கு முழுவதும் உடம்பிலிருந்து பிறந்தது அல்லவா? பத்து விரல்கள் இருந்ததால்தான் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். சாண், முழம், அடி என்று நம் முன்னோர் அளந்ததெல்லாம் கையாலும் காலாலும்தான். இன்றும் ஓசூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் பூ விற்கும் அம்மா முழம் போட்டுத்தான் மல்லிகையை அளக்கிறார். அந்த அம்மாவின் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மட்டும் கை கால் அசையாமல் உட்கார்ந்து, தாளில் உள்ள குறிகளைப் பார்த்தே கணக்கு கற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

உடலை அசைத்துக் கணக்குப் பழகும் முறையைப் பற்றிப் பேசும்போது, "விளையாட்டோடு படித்தால் பிள்ளைகளுக்குச் சலிக்காது" என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பிள்ளை மனத்தில் என்ன நினைக்கிறது, எந்த இடத்தில் தவறுகிறது என்பது தாளில் தெரியாது. தரையில் கால் வைக்கும்போது தெரிந்துவிடும். நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை இங்கு வாழ்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் இந்த ஊர் வேலை தேடி வருபவர்களின் ஊராகிவிட்டது. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று தொடங்கி, அண்மை ஆண்டுகளில் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை, ஓசூருக்கு அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வளர்ந்துகொண்டே போகிறது. ஒருபுறம் சூசூவாடியைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இன்னொருபுறம் ஆந்திர எல்லை. தளி, பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. உருது பேசுவோர் இருக்கிறார்கள். இவர்களோடு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, தொழிற்சாலையிலும் கட்டட வேலையிலும் கல் குவாரியிலும் உழைப்பவர்கள். ஒரே வகுப்பறையில் நான்கைந்து தாய்மொழிகள் இருப்பது இங்கே அதிசயம் அல்ல. ஞாயிறு திருப்பலிக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தாலே இது விளங்கும்.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட், அம்மாவுக்கு முதல் ஷிப்ட் என்றால் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கு நேரம்? நேரம் இருந்தாலும் பாடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அம்மா எண்ணுவது தெலுங்கில் இருக்கும்.

எண்களின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'பதினொன்று' என்றால் அந்தச் சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. கன்னடத்தில் 'ஹன்னொந்து', தெலுங்கில் 'பதகொண்டு'. கொஞ்சம் உற்றுக் கேட்டால் இவற்றிலும் அந்தப் பத்து தெரியும். இருபத்தொன்று, 'இப்பத்தொந்து', 'இரவை ஒகடி' என்று மூன்று மொழியும் இருபதையும் ஒன்றையும் சேர்த்தே சொல்கின்றன. ஆனால் இந்தியில் பதினொன்று 'கியாரஹ்'. இருபத்தொன்று 'இக்கீஸ்'. அதில் பத்து எங்கே, ஒன்று எங்கே என்று சொல்லை வைத்துக் கண்டுபிடிப்பது சிறு பிள்ளைக்குக் கடினம். இருபத்தொன்பதுக்கு 'உன்தீஸ்' என்பார்கள். முப்பதுக்கு ஒன்று குறைவு என்று பொருள். நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அப்படிப் பழகிய பிள்ளை நம் ஊர்ப் பள்ளிக்கு வந்து விழித்துக்கொண்டு நிற்கும்போது 'கணக்கு வராத பிள்ளை' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். (தமிழும் எல்லா இடத்திலும் எளிது என்று பெருமைப்பட முடியாது. எண்பத்தொன்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை, அடுத்து நூறின் சாயலோடு 'தொண்ணூறு' வரும்போது தடுமாறுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.)

இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று உண்டு என்றால், அது காலடி. மூன்று அடி எடுத்து வைப்பது பாட்னாவிலும் மூன்றுதான், பாகலூரிலும் மூன்றுதான்.

தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டு, அதில் 0 முதல் 10 வரை வட்டங்கள் வரையுங்கள். பிள்ளையை 5இல் நிறுத்தி, "மூன்று கூட்டு" என்று விரலைக் காட்டுங்கள். சில பிள்ளைகள் சரியாக 8இல் போய் நிற்பார்கள். சில பிள்ளைகள் 7இல் நிற்பார்கள். ஏன் தெரியுமா? தாங்கள் நிற்கும் 5ஐயே 'ஒன்று' என்று எண்ணி, 6ஐ 'இரண்டு', 7ஐ 'மூன்று' என்று முடித்துவிடுகிறார்கள். இதே பிள்ளை நோட்டில் 5+3=7 என்று எழுதியிருந்தால் நாம் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருப்போம். பிள்ளைக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. தரையில் செய்தபோது, காலை எடுத்து வைக்கும் முன்பே 'ஒன்று' என்று வாய் சொன்னதைக் கண்ணால் பார்க்கிறோம். "நின்ற இடம் கணக்கில்லை, எடுத்து வைத்த அடிதான் கணக்கு" என்று அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். மொழி தெரியாத பிள்ளைக்கும், அதன் கையைப் பிடித்து ஓர் அடி முன்னே நடத்தி இதைக் காட்டிவிட முடியும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, பள்ளிக்குப் போகும் வயதை இன்னும் எட்டாத பிள்ளைகளுக்கு, 1 முதல் 10 வரை ஒரே வரிசையில் எண்கள் எழுதிய ஒரு கட்ட விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் அளவுக்கு, இரண்டு வாரத்தில் நான்கே முறை. எண்களின் அளவை உணர்வதில் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதிலாக நிறங்கள் இருந்த பலகையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பயன் இல்லை. பின்னர் செய்த ஆய்வில், காயை நகர்த்தும்போது பிள்ளை என்ன சொல்கிறது என்பதும் முக்கியம் என்று கண்டார்கள். 5இலிருந்து இரண்டு கட்டம் நகரும் பிள்ளை "ஒன்று, இரண்டு" என்று சொல்வதைவிட, "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்வதே பயன் தருகிறது. நம் வீடுகளில் பரமபதமும் தாயமும் ஆடுகிறோமே, இனி ஆடும்போது பரமபதத்தில் இதைச் செய்து பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

கழித்தலுக்கும் இதே கோடுதான். ஆனால் "உன்னிடம் 8 மிட்டாய், தம்பியிடம் 5 மிட்டாய், உன்னிடம் எத்தனை அதிகம்?" என்று கேட்டால் பல பிள்ளைகள் 'அதிகம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் எட்டையும் ஐந்தையும் கூட்டிவிடுவார்கள். ஒரு பிள்ளையை 8இலும் இன்னொரு பிள்ளையை 5இலும் நிறுத்தி, "அவனிடம் போய்ச் சேர எத்தனை அடி?" என்று கேளுங்கள். கூட்டத் தோன்றாது. இருவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் விடை என்பது கண்முன்னே நிற்கிறது.

இரண்டு இலக்கக் கழித்தலில்தான் பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லிக்கொடுக்கும் அந்தச் சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே! இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வகுப்பில் 32 பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்துப் பேராக மூன்று குழுவாக்கி, ஒவ்வொரு குழுவையும் ஒரு கயிற்றுக்குள் நிற்க வையுங்கள். இரண்டு பேர் தனியாக நிற்பார்கள். மூன்று கயிறு, இரண்டு தனி ஆள்: இதுதான் 32. இப்போது "ஏழு பேர் வெளியே போக வேண்டும். கயிற்றுக்குள் இருப்பவர்கள் கயிறு அவிழாமல் வெளியே வரக் கூடாது" என்று சொல்லுங்கள். தனியாக நிற்கும் இரண்டு பேர் போய்விடுவார்கள். இன்னும் ஐந்து பேர் போக வேண்டுமே, என்ன செய்வது? பிள்ளைகளே கத்துவார்கள்: "ஒரு கயிற்றை அவிழ்க்கலாம்!" அவிழ்த்தால் பத்து தனி ஆட்கள். அதில் ஐந்து பேர் போக, ஐந்து பேர் மீதி. இரண்டு கயிறும் ஐந்து தனி ஆட்களும் நிற்கிறார்கள்: 25. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. ஒரு பத்து அவிழ்ந்தது, அவ்வளவுதான். அடுத்த நாள் கரும்பலகையில் 3ஐ அடித்து 2 என்று எழுதும்போது, "நேற்று எந்தக் கயிற்றை அவிழ்த்தோம்?" என்று கேட்டால் போதும்.

பெருக்கலுக்கு நம் முன்னோர் வாய்ப்பாட்டையே நம்பினார்கள். திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று பிள்ளைகள் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்ததையும், மணலில் விரலால் எழுதிப் பழகியதையும் பழைமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. மனப்பாடம் வேண்டும். ஆனால் அதன் சுமையைப் பாதியாகக் குறைக்க முடியும். பள்ளிக் காலை வழிபாட்டில் நிற்பதுபோல் 12 பிள்ளைகளை மூன்று வரிசையாக, வரிசைக்கு நான்கு பேராக நிறுத்துங்கள். இடத்தை விட்டு நகராமல் எல்லாரும் வலப்பக்கம் திரும்பட்டும். இப்போது எண்ணினால் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று பேர். யாரும் வரவில்லை, யாரும் போகவில்லை. மூன்று நான்கும் நான்கு மூன்றும் ஒன்றே என்று ஒரு முறை திரும்பி நின்று பார்த்த பிள்ளைக்கு வாய்ப்பாட்டில் பாதி ஏற்கெனவே தெரிந்ததாகிவிடும்.

'கப்பல் மூழ்குகிறது' என்ற விளையாட்டு நம் பங்கு இளையோர் கூட்டங்களில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நடத்துபவர் "ஐந்து!" என்றால் ஐந்து ஐந்து பேராகக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதுவே வகுத்தல். 32 பேரில் "ஐந்து" என்றால் ஆறு குழு, இரண்டு பேர் மீதி. "ஏழு" என்றால் நான்கு குழு, நான்கு பேர் மீதி. "நான்கு" என்றால் யாரும் மீதியில்லை. வழக்கமாக மீதி நிற்பவர்களை 'அவுட்' என்று உட்கார வைத்துவிடுகிறோம். கணக்கு வகுப்பில் இதை மாற்ற வேண்டும். உட்கார வைத்தால் அடுத்த சுற்றில் மொத்த எண்ணிக்கையே மாறிப் பாடம் குழம்பிவிடும். அத்துடன், வழக்கமாக மீதியாவது யார் என்று பார்த்தால், புதிதாக வந்த பிள்ளையும் பேசத் தெரியாத பிள்ளையும்தான். மீதி நிற்பவர்களே அடுத்த எண்ணைச் சொல்லட்டும். யாரும் மீதியாகாத எண்ணை அவர்கள் தேட ஆரம்பிப்பார்கள்: 2, 4, 8, 16. ஆண்டின் நடுவில் ஒரு புதுப் பிள்ளை சேர்ந்து வகுப்பு 33 ஆகட்டும், இதுவரை எப்போதும் இரண்டு பேரை வெளியே நிறுத்திய "மூன்று" இப்போது யாரையும் விட்டுவிடாமல் சரியாக வரும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனது அந்த ஆயனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணியதால்தானே!

இவையெல்லாம் நேற்று முளைத்த யோசனைகள் அல்ல. கத்தோலிக்கரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், மூவரசர் திருவிழா அன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். அது தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் சுவர்களைக் கெடுத்துத் திரிகிறார்கள் என்று கட்டட உரிமையாளர்கள் கவலைப்பட்டதுதான் அந்த இல்லம் தோன்றக் காரணம். நம் ஊரின் ஷிப்ட் குடும்பங்களை இது நினைவூட்டவில்லையா? அங்கே அவர் பிள்ளைகளை உட்கார வைக்கவில்லை. பாயை எடுத்து வந்து விரிக்கவும், கோட்டின்மேல் நடக்கவும், பொருள்களை எடுத்து வந்து அடுக்கவும் விட்டார். அவருடைய கணக்குப் பாடத்தில் ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்கு ஒரு மணிக்கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். பெரிய எண்ணைக் கேட்டால் பிள்ளை நடந்துபோய்த் தட்டில் வைத்து எடுத்து வர வேண்டும். ஆயிரம் கனக்கும், ஒன்று கனக்காது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர் போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

பிற்காலத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில், கிராமப் பிள்ளைகளுக்காகப் படிப்படியான அட்டைகளைக் கொண்ட ஒரு கற்றல் முறை உருவானது. சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்து வந்தார்கள். மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அவர்களின் முயற்சியால் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. 2007-08ஆம் கல்வியாண்டில் தமிழகத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்ததும், சுவரின் அடியில் அவர்கள் உயரத்துக்குக் கரும்பலகை வந்ததும், ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்ததும் அப்போதுதான். அது ஒரு பெரிய மாற்றம், மறுக்க முடியாது. ஆனால் நாளடைவில் பல இடங்களில் அட்டையை முடிப்பதே நோக்கமாகிவிட்டது என்ற குறை எழுந்தது. கை அசைந்தது அட்டையை எடுக்க மட்டும்தான்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்த பிறகு, 2022 சூன் மாதம் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டே நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலையின்படி பிரித்து, ஆடல், பாடல், விளையாட்டோடு நடத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இதிலும் கைப்பேசியில் பதிவேற்றும் வேலையும் ஓயாத மதிப்பீடும் கற்பிக்கும் நேரத்தைத் தின்றுவிடுகின்றன என்று ஆசிரியர்கள் குறைகூறினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை காலை எங்கே வைக்கிறது என்று பார்க்க வேண்டிய கண்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன பயன்?

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு: 2024ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி, நம் நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு இலக்கக் கழித்தலைச் செய்ய முடிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே.

அப்படியானால் ஆடவிட்டால் கணக்கு வந்துவிடுமா? வராது. டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏழு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஆறு வாரம் உடலை நன்றாக அசைக்கும் கணக்குப் பாடங்களை நடத்திப் பார்த்தார்கள். கணக்கில் நடுத்தரமாக இருந்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. யாருக்காக நாம் இதையெல்லாம் செய்ய நினைக்கிறோமோ அவர்களுக்கே பயன்படவில்லை என்றால் கவலையாகத்தான் இருக்கிறது. ஓடவும் வேண்டும், எண்ணவும் வேண்டும், விதியையும் நினைவில் வைக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் மூன்று சுமையை ஏற்றினால் தடுமாறும் பிள்ளை மேலும் தடுமாறும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்குப் போட்டி வேண்டாம், வேகம் வேண்டாம். மெதுவாக நடந்தால் போதும். பக்கத்தில் ஒருவர் நடக்க வேண்டும்.

தரையில் கற்றது தானாகவே தாளுக்குப் போய்விடாது என்பதும் உண்மை. கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி, நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர் அடங்கிய குழு 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இத்தனை கிலோ, கிலோ இவ்வளவு என்றால் மொத்தம் எவ்வளவு என்று மனக்கணக்காகவே சரியாகச் சொல்லிச் சில்லறையும் கொடுக்கும் அந்தப் பிள்ளைகள், அதே மாதிரியான கணக்கைப் பள்ளிப் பாடமாகக் கொடுத்தபோது திணறினார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோ தாளில் செய்ததைச் சந்தையில் செய்ய முடியாமல் திணறினார்கள். இராயக்கோட்டை தக்காளி மண்டியிலும் ஓசூர்ப் பூச்சந்தையிலும் அப்பா அம்மாவுக்கு உதவியாக நிற்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கணக்கு தெரியும். அது பள்ளிக்கூடத்தின் கணக்குதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே நடந்து முடித்த உடனே, அதே இடத்தில், இன்னும் மூச்சு வாங்கும்போதே எழுத வைக்க வேண்டும். 5இலிருந்து 8க்கு நடந்த பிள்ளை முதலில் "ஐந்திலிருந்து மூன்று அடி போய் எட்டில் நிற்கிறேன்" என்று வாயால் சொல்லட்டும், எந்த மொழியிலானாலும் சரி. பிறகு சிலேட்டில் ஒரு சிறு கோடு கிழித்து மூன்று வளைவு போடட்டும். கடைசியில் 5+3=8. அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் நடந்தால் இருபது நிமிடம் சொல்லவும் வரையவும் எழுதவும் போகட்டும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடுவதால்தான், "நன்றாக விளையாடுகிறார்கள், தேர்வில் ஒன்றும் எழுதவில்லை" என்ற குறை வருகிறது.

மாலையில் பிள்ளைகளைக் கூட்டிப் படிக்க வைக்கும் பங்குகள், அன்பியங்கள் பல உண்டு. 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் தன்னார்வலர்களாக இருந்த நம் சகோதரிகளும் உண்டு. அவர்களுக்கு ஒன்றிரண்டு செய்திகள். பத்து வயதைத் தாண்டிய பெண்பிள்ளைகள் எல்லார் முன்னிலையிலும் குதிக்கக் கூச்சப்படுவார்கள். அவர்களை நடுவராக நிறுத்துங்கள், பிறர் காலைக் கவனித்துத் தவற்றைச் சொல்பவர்தான் வகுப்பிலேயே அதிகம் கற்கிறார். நடக்க இயலாத பிள்ளை இருந்தால் வட்டங்களைச் சக்கர நாற்காலி நிற்கும் அளவுக்குப் பெரிதாக வரையுங்கள். ஷிப்ட் முடிந்து பகலில் தூங்கும் தொழிலாளர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், குதிப்பதை விட்டு நடப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் கோடு ஒரு மழைக்குத் தாங்காது. மறைக்கல்விக் கூடத்துத் தரையில் மஞ்சள் பெயிண்டால் நிரந்தரமாக வரைந்துவிட்டால் நல்லது. வட்டத்துக்கு வட்டம் ஒன்றேகால் அடி விட்டால் 0 முதல் 20 வரை 25 அடி நீளம் வேண்டும். கூடம் சிறியதென்றால் 10 வரைக்கும் போதும். பலர் 1இலிருந்து வரைந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மூன்றிலிருந்து மூன்றைக் கழிக்கும் பிள்ளைக்குப் போய் நிற்க இடம் இருக்காது. 0வையும் சுவரோடு ஒட்டி வரையாமல் இரண்டடி தள்ளியே தொடங்குங்கள், பிள்ளை அங்கே நின்று திரும்பிப் பார்க்க இடம் வேண்டும்.